ஆட்சியுரிமையின் ஊற்றுக்கண்
அமெரிக்க ஆட்சிமுறை தோன்றி வளர்ந்த வரலாறு பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அறிய விரும்புவார் அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை மட்டும் படித்து அமைந்துவிடுதல், மரத்தின் உச்சிக் கிளையைப் பார்த்துவிட்டு வேரையும் கண்டதாக எண்ணுவது போன்றது. அமெரிக்க ஒன்றியத்தின் அரசமைப்புச் சட்டம் 1787ஆம் ஆண்டு, பிலதெல்பியா நகரில், ஏறத்தாழ நான்கு திங்கள் நடந்த கூட்டத்தில் எழுதப்பெற்றது. நான்கு திங்களில் எழுதப்பெற்றது என்பது உண்மை. நான்கு திங்களில் உருவாயிற்று என்பது உண்மையன்று. அந்த ஏட்டின் பின்னால் நூற்றெண்பது ஆண்டுகளின் பட்டறிவும் பூசலும் தோல்வியும் கிடக்கின்றன.

அவ்வரலாறு முழுவதும் மூன்று வினாக்களைச் சுற்றியே சுழல்கின்றது. ஆட்சியுரிமை எவரிடமிருந்து புறப்படுகின்றது? அதைப் பெற்றவர் எல்லை மீறினால் தடுப்பவர் எவர்? ‘மக்கள்’ என்னும் சொல்லுக்குள் அடங்குவோர் எவர்? முதல் இரண்டு வினாக்களுக்கும் அமெரிக்கர் கண்ட விடை உலகுக்கே பாடமாயிற்று. மூன்றாம் வினாவுக்கு அவர்கள் தந்த விடை அவர்களையே சுட்டெரித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே அவ்வரலாற்றை நேர்மையாகக் காண்பதாகும்.

ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

1606இல் இங்கிலாந்தின் மன்னன் முதலாம் சேம்சு, இலண்டன் வணிகர் குழுவொன்றுக்குப் பட்டயம் வழங்கினான். அப்பட்டயத்தின் துணையொடு 1607இல் வர்சீனியாக் கரையில் சேம்சுடவுன் என்னும் குடியிருப்பு எழுந்தது. அமெரிக்க மண்ணில் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலக் குடியிருப்பு அதுவே. பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். எஞ்சியோரைக் கடுமையான படைச்சட்டம் அடக்கியாண்டது. அத்தகைய இடத்துக்கு எவர் விரும்பி வருவர்? குடியேறுவோரை ஈர்க்க வேண்டுமாயின் நிலம் கொடுக்க வேண்டும். தங்களை ஆளும் சட்டங்களில் அவர்களுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதை வணிகர் குழு உணர்ந்தது.

அதன் விளைவாக 1619ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், சேம்சுடவுன் கிறித்தவக் கோயிலில் ஒரு பேராளரவை கூடிற்று. ஆளுநரும் அவருடைய சூழ்வுக் குழுவினரும் ஒருபுறம். பதினொரு குடியிருப்புகளினின்று தேர்ந்தெடுக்கப்பெற்ற இருபத்திரண்டு பேராளர் மறுபுறம். கடுங்கோடையின் வெம்மை தாங்காமல் ஆறு நாள்களில் அவை கலைந்தது. அவர்கள் பேசியவை புகையிலையின் விலை, சூதும் குடியும் சோம்பலும் ஒழிதல், மண்ணின் மக்களொடு நடந்துகொள்ளும் முறை ஆகியனவே. ஆயினும் அங்கே ஊன்றப்பெற்ற விதை பெரிது. ஆளப்படுவோர் அவை கூடித் தம் சட்டத்தைத் தாமே ஆக்கலாம் என்னும் வழக்கம் அம்மண்ணில் அன்று தொடங்கிற்று.

அதே ஆண்டு, அதே வர்சீனியாவில், அவை கலைந்த சில கிழமைகளுக்குள் ஒரு கப்பல் கரையடைந்தது. ஆப்பிரிக்காவின் அங்கோலாப் பகுதியினின்று கவர்ந்து வரப்பெற்ற இருபதுக்குச் சற்று மேற்பட்ட கருப்பின மக்கள் அதில் இருந்தனர். உணவுப் பொருளுக்கு மாற்றாக அவர்கள் விற்கப்பெற்றனர். பேராளரவையும் அடிமை வாணிகமும் ஓராண்டில், ஒரு கரையில் கால்வைத்தன. பின்வந்த இருநூற்றைம்பது ஆண்டுக் கதையின் இரு இழைகளும் அவ்வோராண்டில் பின்னப்பெற்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கப்பலில் எழுதிய உடன்படிக்கை

1620இல் மேபிளவர் என்னும் கப்பல் நூற்றிருவரைச் சுமந்து வடக்கே மாசாசூசெட்சுக் கரையை அடைந்தது. அவர்களுக்கு இசைவளிக்கப்பெற்ற இடம் அதுவன்று. ஆகலின் எந்தச் சட்டமும் தங்களைக் கட்டாது என்று சிலர் முணுமுணுத்தனர். கரையிறங்குமுன் ஆடவர் நாற்பத்தொருவர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தாங்கள் ஓர் ஆட்சிக் குமுகமாக ஒன்றுபடுவதாகவும், பொது நலத்துக்கு ஏற்ற சட்டங்களை ஆக்கி அவற்றுக்குப் பணிவதாகவும் அதில் எழுதினர். மன்னனைப் போற்றியே அது தொடங்கிற்று. ஆயினும் ஆட்சிக்கு அடிப்படை அவர்கள் தம்முள் கொடுத்துக்கொண்ட சொல்லே.

1639இல் கனெக்டிகட்டு ஆற்றங்கரையின் மூன்று ஊரார் கூடித் தங்கள் ஆட்சிக்கு எழுத்து வடிவில் நெறிமுறைகளை வகுத்தனர். அவ்வேட்டில் மன்னனின் பெயரே இல்லை. உரோடு தீவில் உரோசர் வில்லியம்சு, சமயக் கொள்கையின் பொருட்டு எவரையும் ஒறுத்தல் கூடாது என்னும் நெறியை நிலைநாட்டினார். பென்சில்வேனியாவில் வில்லியம் பென் 1682இலும் 1701இலும் ஆட்சிமுறை ஏடுகளை வழங்கினார். வடகிழக்கு ஊர்களில் ஊர்மன்றம் கூடி, சாலைக்கும் பள்ளிக்கும் வரிக்கும் தாமே முடிவு செய்தனர்.

இவ்வெண்ணங்களில் பல இங்கிலாந்தினின்று வந்தவை. மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனே என்று 1215இன் பெரும்பட்டயம் கூறிற்று. பாராளுமன்றத்தின் இசைவின்றி வரி தண்டல் கூடாது என்று 1628இன் உரிமை முறையீடும் 1689இன் உரிமைச் சட்டமும் வலியுறுத்தின. ஆங்கிலேயர்க்குரிய உரிமைகள் அனைத்தும் குடியேறியவர்க்கும் அவர்தம் மக்களுக்கும் உண்டு என 1606இன் வர்சீனியாப் பட்டயமே உறுதி கூறியிருந்தது. அச்சொல்லை வழங்கியவர் மறந்தனர், பெற்றவர் மறக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், பதின்மூன்று குடியேற்ற நாடுகளிலும் தேர்ந்தெடுக்கப்பெற்ற பேராளரவைகள் இருந்தன. பெரும்பாலான நாடுகளில் மேலே மன்னனாலோ பட்டயமுடையவனாலோ அமர்த்தப்பெற்ற ஆளுநர், அவரருகில் ஒரு சூழ்வுக்குழு, கீழே பேராளரவை. பணப்பையின் முடிச்சு பேராளரவையின் கையில் இருந்தது. ஆளுநரின் சம்பளத்தையே நிறுத்திவைத்து அவரைப் பணியச் செய்த அவைகளும் உண்டு. பிற்காலக் குடியரசுத் தலைவர், மேலவை, பேராளரவை ஆகிய மூன்றின் கருவடிவையும் இங்கே காணலாம். வாக்குரிமை நிலமும் உடைமையும் உள்ள ஆடவர்க்கே என்பதையும் மறைத்தல் கூடாது.

மண்ணின் மக்கள் காட்டிய கூட்டமைப்பு

ஐரோப்பியர் வருமுன்னரே அம்மண்ணில் ஒரு கூட்டாட்சி நின்று நிலவியது. மோகாக்கு, ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என்னும் ஐந்து இனத்தார் தம்முள் போர் ஒழித்து, பேரமைதிச் சட்டம் என்னும் நெறியால் ஒன்றுபட்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தசுகரோரா இனத்தார் சேர, அது ஆறினக் கூட்டமைப்பாயிற்று. ஒவ்வோர் இனமும் தன் உள்வினையைத் தானே ஆண்டது. போரும் அமைதியும் போன்ற பொதுவினைகளைப் பேரவை ஆய்ந்து முடிவு செய்தது. பேரவைத் தலைவரைத் தேர்ந்தமர்த்தவும் நீக்கவும் குலமூதாட்டியர்க்கு உரிமை இருந்தது.

1744இல் இலங்காசுடர் என்னும் ஊரில் நடந்த உடன்படிக்கைப் பேச்சில், ஒனொண்டாகாத் தலைவர் கனசதேகோ, ஆங்கிலக் குடியேற்ற நாட்டார் தங்களைப் போலவே ஒன்றுபட வேண்டும் என்று அறிவுரை கூறினார். அப்பேச்சை அச்சிட்டு வெளியிட்டவர் பெஞ்சமின் பிராங்குளின். பத்தாண்டு கழித்து, 1754இல், ஆல்பனியில் கூடிய கூட்டத்தில் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் பொதுவான பேரவை ஒன்றை அவர் வரைந்து காட்டினார். நாட்டவைகள் தம் உரிமை குறையும் என்று அதைத் தள்ளின. இலண்டன் அரசும் ஏற்கவில்லை. ஆறினக் கூட்டமைப்பின் சாயல் பின்னை அரசமைப்பில் எவ்வளவு படிந்தது என்பதில் அறிஞர் வேறுபடுவர். ஆயினும் அதன் பங்கினை ஏற்றுப் போற்றி 1988இல் அமெரிக்கப் பேராயமே முடிவு நிறைவேற்றியது.

வரியில் பிறந்த விடுதலை

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரான்சு தோற்றது, இங்கிலாந்து வென்றது. வெற்றியோடு பெருங்கடனும் வந்தது. அக்கடனில் ஒரு பகுதியைக் குடியேற்ற நாட்டாரின் தலையில் ஏற்ற இலண்டன் முனைந்தது. 1765இல் முத்திரைத்தாள் வரி வந்தது. செய்தித்தாளுக்கும் ஆவணத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் முத்திரையிட்ட தாளே வேண்டும் என்றனர். ஒன்பது நாடுகளின் பேராளர் இருபத்தெழுவர் நியூயார்க்கில் கூடி, எங்கள் பேராளர் அமராத மன்றம் எங்கள்மீது வரி விதித்தல் ஆகாது என்றனர். 1766இல் அவ்வரி நீக்கப்பெற்றது. ஆயினும் அதே வேளையில், எப்பொருளிலும் குடியேற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தும் உரிமை தனக்கு உண்டு எனப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. வரி போயிற்று, வரி விதிக்கும் செருக்குப் போகவில்லை.

1773இல் தேயிலைச் சட்டம் வந்தது. அதனால் ஊதியம் பெறவிருந்தது எது? சென்னையில் புனித சியார்ச்சுக் கோட்டையை எழுப்பித் தமிழ்நிலத்தில் காலூன்றிய அதே கிழக்கிந்தியக் கும்பணிதான். கடனில் மூழ்கி, விற்காத தேயிலை மலைபோல் குவிந்திருந்த கும்பணியைக் காக்க, அத் தேயிலையை அமெரிக்காவில் நேரே விற்க இசைவளித்தனர். சிறு தீர்வையை மட்டும் நிறுத்திவைத்தனர். தேயிலையின் விலை உண்மையில் குறைந்தது. ஆயினும் மக்கள் அதை வாங்க மறுத்தனர். விலை அன்று வழக்கு, உரிமையே வழக்கு. திசம்பர் 16ஆம் நாள் இரவு, பாசுடன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பெற்றன.

இலண்டன் பாசுடன் துறையை மூடியது. மாசாசூசெட்சின் பட்டய உரிமைகளைப் பறித்தது. ஒரு நாட்டுக்கு நேர்ந்தது நாளை தமக்கும் நேரும் என்பதைப் பிற நாடுகள் உணர்ந்தன. 1774 செப்தம்பரில் பன்னிரண்டு நாடுகளின் பேராளர் பிலதெல்பியாவில் கூடினர். 1775 ஏப்பிரலில் இலெக்சிங்டனில் குண்டுகள் வெடித்தன. 1776 சூலை 4ஆம் நாள் விடுதலை அறிவிப்பு வெளிவந்தது. அதை வரைந்தவர் தாமசு செபர்சன். மாந்தர் நிகராகப் படைக்கப்பெற்றவர். அரசுகள் ஆளப்படுவோரின் ஒப்புதலால் மட்டுமே முறையான ஆற்றல் பெறும். அவ்வரசு கேடாகுமாயின் மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு என்பன அதன் சாரம். ஆங்கில அறிஞர் சான் இலாக்கின் எண்ணங்கள் அதில் ஒலிக்கின்றன. அடிமை வாணிகத்துக்கு மன்னனைக் குற்றஞ்சாட்டிய ஒரு பகுதியைச் செபர்சன் எழுதியிருந்தார். பேராயம் அதை அடித்துவிட்டது. அவரோ பல அடிமைகளை உடையவர்.

1781இல் யார்க்குடவுனில் ஆங்கிலப் படைத்தலைவன் காரன்வாலிசு படையோடு பணிந்தான். அவனே பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநனாக வந்து, 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல், பாராமகால் பகுதிகளைக் கும்பணிக்குப் பெற்றுத் தந்தான் என்பது தமிழர் அறியத்தக்கது.

ஒன்றியத்துக்கு முன்னரே நாடுகள்

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்றியம் பிறந்து நாடுகளைப் பெறவில்லை. நாடுகள் எழுந்து ஒன்றியத்தைப் பெற்றன. 1776, 1777 ஆகிய ஆண்டுகளிலேயே பெரும்பான்மை நாடுகள் தத்தம் அரசமைப்புச் சட்டங்களை எழுதிக்கொண்டன. வர்சீனியாவின் உரிமை அறிவிப்பைச் சியார்ச்சு மேசன் வரைந்தார். நியூசெர்சியில் உடைமையுள்ள பெண்டிர்க்கும் வாக்குரிமை இருந்தது; 1807இல் அது பறிக்கப்பெற்றது.

மாசாசூசெட்சு ஒரு படி மேலே சென்றது. சட்டம் இயற்றும் அவையே அரசமைப்பையும் இயற்றுமாயின், அதே அவை அதை மாற்றியும் விடுமே! தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே முறுக்கிக்கொள்பவன் எப்போது வேண்டுமாயினும் அவிழ்த்துக்கொள்வான். ஆகலின் அரசமைப்பை எழுத மட்டும் தனியவை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அது எழுதியதை ஊர்மன்றங்கள்தோறும் மக்கள் முன் வைத்து ஒப்புதல் பெற்றனர். சான் ஆடம்சு பெரும்பகுதி வரைந்த அந்த 1780ஆம் ஆண்டுச் சட்டம், திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. சட்டம் ஆக்குதல், ஆளுதல், முறைவழங்குதல் ஆகிய மூன்றும் ஒருவர் கையில் சேர்தல் ஆகாது என்று பிரெஞ்சு அறிஞர் மாண்டெசுகியூ 1748இல் எழுதிய கொள்கையும் அதில் நெறியாக எழுதப்பெற்றது.

மாந்தர் அனைவரும் விடுதலையராகவும் நிகராகவும் பிறந்தவர் என்பது அச்சட்டத்தின் முதல் நெறி. அந்நாட்டில் அடிமையாயிருந்த பெண்ணொருத்தி, பின்னாளில் எலிசபெத்து பிரீமன் எனப் பெயர் பெற்றவள், அந்நெறியையே சான்றாகக் கொண்டு முறைமன்றம் ஏறினாள். 1781இல் விடுதலையும் பெற்றாள். எழுத்தில் வைத்த உரிமை எளியோர் கையில் எத்தகைய படைக்கலம் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கட்டுத் தளர்ந்த முதல் ஒன்றியம்

மன்னனின் கொடுமையைக் கண்டு அஞ்சியவர் முதலில் அமைத்த ஒன்றியம் மிக மெலிந்ததாயிருந்தது. 1777இல் பேராயம் ஏற்று, 1781இல் நாடுகள் அனைத்தும் ஒப்பிய கூட்டமைப்பு உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு. பொதுத் தலைவர் இல்லை; பொது முறைமன்றங்கள் இல்லை; வரி விதிக்கும் உரிமை இல்லை. பேராயம் நாடுகளிடம் பணம் கேட்கலாம்; கொடுப்பதும் மறுப்பதும் நாடுகளின் விருப்பம். உடன்படிக்கையைத் திருத்தப் பதின்மூன்று நாடுகளும் இசைய வேண்டும். இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து தீர்வை விதிக்கப் பேராயம் முயன்றபோது உரோடு தீவு ஒன்று மறுத்தது, முயற்சி வீழ்ந்தது. மறுமுறை முயன்றபோது நியூயார்க்கு மறுத்தது. போரிட்ட படைஞர்க்குச் சம்பளம் கொடுக்கவும் இயலவில்லை.

1786இல் மாசாசூசெட்சின் மேற்குப் பகுதியில் உழவர் கிளர்ந்தனர். கடனுக்கு நிலம் பறிபோயிற்று. வரியோ தாங்க முடியாததாயிற்று. முன்னாள் படைஞரான தானியல் சேசு தலைமையில் அவர்கள் முறைமன்றங்களை மூடச் செய்தனர். அக்கிளர்ச்சி அடக்கப்பெற்றது. உடைமையாளர் நெஞ்சில் அது மூட்டிய அச்சம் அடங்கவில்லை. கொடுங்கோலுக்கு அஞ்சிக் கோலே இல்லாமற் செய்தலும் கேடு என்பதை அவர்கள் கண்டனர்.

பிலதெல்பியாவில் நடந்தது

1787 மே 25ஆம் நாள் தொடங்கிச் செப்தம்பர் 17ஆம் நாள் முடிய அக்கூட்டம் நடந்தது. பன்னிரண்டு நாடுகளினின்று ஐம்பத்தைவர் வந்தனர். உரோடு தீவு வரவேயில்லை. சியார்ச்சு வாசிங்டன் தலைமை தாங்கினார். எண்பத்தோர் அகவை நிரம்பிய பிராங்குளினும் இருந்தார். பேசுவன அனைத்தும் கமுக்கமாய் இருத்தல் வேண்டும் என முடிவு செய்தனர். நாள்தோறும் நடந்தவற்றைச் சேம்சு மாடிசன் எழுதிவைத்தார். அவர் மறைந்த பின்னரே, 1840இல், அக்குறிப்புகள் அச்சேறின.

முதற் பூசல் பெரிய நாடுகளுக்கும் சிறிய நாடுகளுக்கும் இடையே எழுந்தது. மக்கள்தொகைக்கேற்ப இரு அவைகளிலும் இடம் என்றது வர்சீனியாவின் திட்டம். நாட்டுக்கு ஒரு வாக்கு என்னும் பழைய நிகர்நிலையே வேண்டும் என்றது நியூசெர்சியின் திட்டம். நிகர்வாக்கை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்று தெலவேர் தன் பேராளர்க்குக் கட்டளையே இட்டிருந்தது. கூட்டம் கலைந்துவிடுமோ என்னும் நிலையில், கனெக்டிகட்டுப் பேராளர் முன்மொழிந்த நடுவழி சூலை 16ஆம் நாள் ஐந்து நாடுகளுக்கு நான்கு என்னும் மயிரிழை வாக்கில் வென்றது. பேராளரவையில் மக்கள்தொகைக்கேற்ப இடம். மேலவையில் பெரிதாயினும் சிறிதாயினும் ஒவ்வொரு நாட்டுக்கும் இருவர். ஒரு நாட்டின் ஒப்புதலின்றி மேலவையில் அதன் நிகர்நிலையைப் பறித்தல் ஆகாது என்பதையும் சட்டத்திலேயே பதித்தனர். எண்ணிக்கையால் சிறியோர் பெரியோர்க்கு இரையாகாமல் காக்க எழுப்பிய மதில் அது.

அடுத்து, எல்லை மீறுவோரைத் தடுப்பது எவ்வாறு? பேராயத்தின் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம். மூன்றில் இருபங்கு வாக்கால் பேராயம் அம்மறுப்பை வெல்லலாம். தலைவர் அமர்த்தும் நடுவரையும் உயரலுவலரையும் மேலவை ஏற்க வேண்டும். தலைவர் குற்றம் புரியின் பேராளரவை குற்றஞ்சாட்டும். மேலவை ஆய்ந்து நீக்கும். நடுவர் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பர். அவர்தம் சம்பளத்தைக் குறைத்தலும் ஆகாது. தலைவருக்கு வாழ்நாட் பதவி வேண்டும் என்றார் அலெக்சாந்தர் ஆமில்டன். அவை நான்காண்டே போதும் என்றது. ஆள்வோர் நல்லவராயிருப்பர் என்று நம்பி அவர்கள் சட்டம் எழுதவில்லை. ஆள்வோர் மாந்தரே, பிழைசெய்வர், பேராசை கொள்வர் என்று தெளிந்தே எழுதினர். அதுவே அச்சட்டத்தின் அறிவுடைமை.

ஒன்றியப் பேராயம் செய்யத்தக்கவற்றை எண்ணி எழுதினர். வரி, படை, காசு, அஞ்சல், வெளிநாட்டு வாணிகம், நாடுகளுக்கிடைப்பட்ட வாணிகம் என்று அப்பட்டியல் செல்லும். எழுதிக் கொடுத்தது ஒன்றியத்துக்கு, எழுதாதது நாடுகளுக்கு.

சொல்லாமல் மறைத்த சொல்

இத்தனை அறிவுடையோர் கூடிய அவையில் ‘அடிமை’ என்னும் சொல் மட்டும் சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுத நாணினர், ஒழிக்கத் துணியவில்லை. பேராளர் இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது என்று முடிவு செய்தனர். வாக்கில்லாத அவர்களின் தலைகள், அவர்களை விலங்கிட்டவர்க்கு மிகுதியான இடங்களைத் தேடித் தந்தன. அடிமை இறக்குமதியை 1808 வரை பேராயம் தடுத்தல் ஆகாது என்றனர். தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும் என்றனர். இவையெல்லாம் ‘பிற மாந்தர்’, ‘பணிக்குக் கட்டுப்பட்டோர்’ என்னும் மறைசொற்களால் எழுதப்பெற்றன. தென்னாட்டார் ஒன்றியத்தில் சேர அவர்கள் கேட்ட விலை அது. வடநாட்டார் அவ்விலையைக் கொடுத்தனர். கொடுத்தது அவர்களுடைய பணத்தினின்று அன்று, பிறர் வாழ்வினின்று. 1790இன் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 39 நூறாயிரம். அவருள் அடிமைகள் ஏறத்தாழ 7 நூறாயிரம்.

மக்கள் முன் வந்த ஏடு

முப்பத்தொன்பதின்மர் கையெழுத்திட்டனர். மேசன் மறுத்தார், உரிமைப் பட்டியல் இல்லை என்பது அவர் தலையாய குறை. முகவுரையின் முந்தைய வரைவில் ஒவ்வொரு நாட்டின் பெயரும் எழுதப்பெற்றிருந்தது. ஒன்பது நாடுகள் ஒப்பினால் சட்டம் நடைமுறைக்கு வரும். எந்த ஒன்பது என்பதோ எவர்க்கும் தெரியாது. ஆகலின் இறுதி வரைவில் நாட்டுப் பெயர்கள் நீங்கி, ஒன்றிய நாடுகளின் மக்களாகிய நாங்கள் என்னும் தொடர் நின்றது. இது நாடுகளின் ஒப்பந்தமா, ஒரே மக்களின் ஆணையா என்று வர்சீனியாவின் பாட்ரிக்கு என்றி இடித்துக் கேட்டார். அவ்வினா நெடுங்காலம் அந்நாட்டை அலைக்கழித்தது.

ஒப்புதல் தருவதற்கு நாட்டவைகளை நாடாமல், அதற்கெனவே தேர்ந்தெடுத்த தனியவைகளை நாடினர். 1787 திசம்பர் 7ஆம் நாள் தெலவேர் முதலில் ஒப்பியது. 1788 சூன் 21ஆம் நாள் நியூ ஆம்சயர் ஒன்பதாவதாக ஒப்பியது. சட்டத்தை விளக்கி ஆமில்டன், மாடிசன், சான் சே ஆகிய மூவரும் புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். எதிர்ப்பும் எளியதன்று. மாசாசூசெட்சில் 187க்கு 168. வர்சீனியாவில் 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27. உரோடு தீவு 1790இல்தான் 34க்கு 32 என்னும் வாக்கில் இணைந்தது. எதிர்த்தவர் தோற்றனர், ஆயினும் அவர்தம் எதிர்ப்புத் தோற்கவில்லை. உரிமைப் பட்டியல் வேண்டும் என்ற அவர் குரலுக்குப் பணிந்து, பேராயத்தில் மாடிசனே திருத்தங்களை முன்வைத்தார். 1791 திசம்பர் 15ஆம் நாள் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. பேச்சுரிமை, எழுத்துரிமை, சமயவுரிமை, கூடும் உரிமை, முறையான ஆய்வின்றி ஒறுக்கப்படாமை ஆகியன அவற்றால் காப்புப் பெற்றன. பத்தாம் திருத்தமோ, ஒன்றியத்துக்கு வழங்காதனவும் நாடுகளுக்கு விலக்காதனவும் நாடுகளுக்கோ மக்களுக்கோ உரியன என்றது. சட்டம் அரசமைப்புக்கு முரணாயின் அது செல்லாது எனத் தலைமை முறைமன்றம் 1803இல், சான் மார்சல் தலைமையில், தீர்ப்பளித்தது.

முடிவாக

அவையீர்! 1790 பிப்ரவரியில் பேராயத்தின் முன் ஒரு முறையீடு வந்தது. அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்று கோரிய அம்முறையீட்டின் அடியில் இருந்த கையெழுத்து பெஞ்சமின் பிராங்குளினுடையது. முன்னர்த் தாமே அடிமைகளை வைத்திருந்தவர், விடுதலை அறிவிப்பிலும் அரசமைப்பிலும் கையெழுத்திட்டவர், இறுதியில் இட்ட பொதுக் கையெழுத்து அது. தனக்கு அவ்வுரிமை இல்லை என்று பேராயம் அதை ஒதுக்கியது. ஏப்பிரல் 17ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று ஒதுக்கிய வினா எழுபதாண்டு கழித்து, 1861 முதல் 1865 வரை, ஆறு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை விலையாகக் கேட்டது.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் குடியுரிமையும், 1870இல் இனம் பாராத வாக்குரிமையும் எழுதப்பெற்றன. பெண்டிர் வாக்குரிமைக்கு 1920 வரையும், மண்ணின் மக்கள் அனைவரும் குடிகளாவதற்கு 1924 வரையும் காத்திருந்தனர். கருப்பின மக்களின் ஏட்டு உரிமை நாட்டு உரிமையாக 1965இன் வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. கூட்டமைப்புக்கு வழிகாட்டிய மண்ணின் மக்களோ தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர்.

இவ்வரலாறு உணர்த்துவன தெளிவானவை. ஆட்சியுரிமை கீழிருந்து மேலே செல்வது. மேலிருந்து கீழே சிந்துவதன்று. கொடுத்த உரிமைக்கு எழுத்தும் எல்லையும் வேண்டும். ஆள்வோரின் நற்பண்பை நம்பியிருத்தல் காவலன்று. தடையும் கணக்குமே காவல். எதிர்க்கட்சியின் வினாவும் அரசமைப்பின் ஒரு தூணே. இவற்றையெல்லாம் கண்ட அறிஞர், தம் கதவுக்கு வெளியே நின்ற மாந்தனைக் காணாமல் விட்டனர். அவ்வொரு பிழை அவர்தம் மாளிகையையே இருகூறாக்கியது.

உரிமை எழுதும் கை எவரையும் விட்டுவிடாது எழுதுக! விட்டுவிடப் பெற்றவன் ஒருநாள் அதே ஏட்டைக் கையில் ஏந்தி, தன் பங்கைக் கேட்டு வருவான். எலிசபெத்து பிரீமன் என்னும் அடிமைப்பெண் அவ்வாறே வந்தாள், வென்றாள்.